கடந்த ஏழு நாட்களில்

திருநெல்வேலி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய தமிழ் ஐபேக் (IPAQ) கேள்வித்தாள் கிடைத்தது. முழுக்கப் படித்துவிட்டேன். மொழி சுத்தமாக இருக்கிறது, வாசித்ததும் புரிகிறது. மறுமொழிபெயர்ப்பு செய்தவர் தந்த ஆங்கிலமும் மூலத்தோடு அநேகமாக ஒத்துப்போகிறது. "அப்புறமென்ன, 50 பேரிடம் கேள், ஒரு வாரம் கழித்து அவர்களிடமே மறுபடி கேள், எண்ணைப் போடு, முடித்துவிடலாம்" என்று உன் கைடு சொல்வதாக எழுதியிருக்கிறாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வார்டிலிருந்து அழைப்பு வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணைத் தேடி இப்போதே ஓடாதே. இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், பதில் சொல்பவர்கள் அந்தப் பதிலுக்கு எப்படி வந்து சேர்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேள். அதற்கு ஒரு மாதம் போனாலும் போகட்டும். உன் தீசிஸில் வேறு யாரும் செய்து தர முடியாத பகுதி அதுதான்.

ஐபேக் பிறந்த கதை உனக்குத் தெரியும். உடல் உழைப்பை நாட்டுக்கு நாடு ஒப்பிடப் பொதுவான கேள்வித்தாள் ஒன்று வேண்டும் என்று 1998-ல் ஜெனீவாவில் தொடங்கிய வேலை அது. 12 நாடுகளில் 14 இடங்களில் சோதித்தார்கள். கோரா கிரெய்கும் சக ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டாத மொழிபெயர்ப்பு ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. அதில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். மறுபடி கேட்டபோது பதில் ஒத்துப்போனது 0.8-ஐ ஒட்டி. உடம்பில் கட்டிய ஆக்சிலரோமீட்டரோடு பதில் ஒத்துப்போனது 0.3-ஐ ஒட்டி. அதாவது, மக்கள் சொன்னதையே மாறாமல் சொல்கிறார்கள். ஆனால் சொன்னதற்கும் உடம்பு அசைந்ததற்கும் உள்ள உறவு தளர்வாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஜிபேக் (GPAQ) கேள்வித்தாளை இந்தியா உட்பட 9 நாடுகளில் சோதித்து 2009-ல் வெளியிட்டபோதும் இதே கதைதான்: நம்பகத்தன்மை நன்று, கருவியோடு ஒப்பிட்டால் பலவீனம். ஐபேக் குறும்படிவத்தைப் பற்றிய 23 ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் ஒரு மதிப்பாய்வு வந்தது. கருவி காட்டியதைவிடச் சராசரியாக 84 சதவீதம் கூடுதலாகக் கேள்வித்தாள் காட்டுகிறது என்றது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒவ்வொரு மொழியிலும் ஒரு கட்டுரை வருகிறது. 0.28 வந்தது, 2003-லும் இப்படித்தான், ஆகவே ஏற்புடையது என்று முடிகிறது. எல்லாருக்கும் குறைவாக வந்தது என்பதால் நமக்குக் குறைவாக வருவது சரியாகிவிடாது. அந்த 0.3 ஏன் 0.3 என்று கேட்க வேண்டும். அதற்கான விடை நமது ஊரில், நமது மக்களின் வாரத்துக்குள் இருக்கிறது. கைடு சொல்கிற வழியில் போனால் அதை நீ பார்க்கவே மாட்டாய்.

முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். திண்ணையில் ஒரு அம்மா, மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும். பேசிக்கொண்டே பீடி சுற்றுகிறார், விரல் நிற்கவில்லை. என்னோடு வந்த பெண் கேள்வியை ஒழுங்காகத்தான் வாசித்தாள்: கடந்த 7 நாட்களில், வழக்கத்தைவிட மிக அதிகமாக மூச்சு வாங்க வைக்கும் கடினமான வேலையை எத்தனை நாள் செய்தீர்கள்? "ஆறு நாளும்தான் தாயி. காலையில உக்காந்தா ராத்திரி வரைக்கும் இதே சோலிதான்." ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? "எட்டு மணி நேரம் வச்சுக்கோ." அந்தப் பதிலை அப்படியே கணக்கில் போட்டுப் பார். கடின உழைப்புக்கு 8 மெட், அதாவது ஓய்வைப்போல எட்டு மடங்கு ஆற்றல். குறும்படிவ விதிப்படி ஒரு நாளுக்கு 180 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 8 பெருக்கல் 180 பெருக்கல் 6, ஆக 8,640 மெட் நிமிடம். கடின உழைப்பு மூன்று நாளும் 1,500 மெட் நிமிடமும் இருந்தாலே உயர்ந்த பிரிவு. நாள் முழுக்கச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் தாளில் ஓட்டப்பந்தய வீராங்கனை ஆகிவிடுகிறார்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. கழுத்து விட்டுப்போகிறது, கண் எரிகிறது, நாளுக்கு இத்தனை பீடி என்ற கணக்கு தலைமேல் நிற்கிறது. அவருக்கு அது கடினமான வேலைதான். மூச்சு வாங்குவது பற்றிய பகுதி காதில் விழுந்தது, ஆனால் "கடினம்" என்பது வந்ததும் அவருடைய வாழ்க்கை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது. எவ்வளவு நல்ல மறுமொழிபெயர்ப்பும் இதைக் காட்டிக்கொடுக்காது. "அப்படியென்றால் எந்த வேலையை நினைத்துச் சொன்னீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும், நொடியில் வெளியே வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் முதியவர்களிடம் ஐபேக்கைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்ன ஆய்வு ஒன்று 2010-ல் வந்திருக்கிறது. மொழிபெயர்ப்பே இல்லாமல் மூலத்தில் கேட்கப்பட்டவர்களும் கேள்வியை வேறு வேறாகத்தான் புரிந்துகொண்டார்கள். தேடிப் படி, உன் முறையியல் அத்தியாயத்துக்கு உதவும்.

இப்போது எதிர்ப்பக்கம். இந்தத் தாளை முதலில் உங்கம்மாவிடம் கேட்டுப் பார். "நான் எங்கடி எக்ஸர்சைஸ் பண்றேன், வீட்டு வேலைக்கே நேரமில்ல" என்பாள். எனக்கு இங்கிருந்தே கேட்கிறது. ஆனால் அக்காவின் ஒரு காலைப் பொழுதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தோடு மாடிக்கும் கீழுக்கும் எத்தனை நடை! ஆச்சியைக் கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைப்பாள், குளிப்பாட்டுவாள், வீடு துடைப்பாள், போர்வையைக் கையால் அலசிப் பிழிந்து மொட்டை மாடியில் காயப்போடுவாள். எல்லாம் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். ஐபேக்கோ ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடம் நீடித்தால்தான் எண்ணிக்கொள்ளும். அந்த 10 நிமிட நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலிலேயே கைவிட்டுவிட்டது. தாளில் மட்டும் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. உங்கம்மாவுக்கு மதிப்பெண் அநேகமாகப் பூஜ்யம் வரும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "உடம்பை அசைக்காமல் இருக்கிறீர்கள், அதனால்தான் மூட்டு வலி" என்று கேட்டுவிட்டு வருவாள்.

ஒரே மாவட்டத்தில் ஒருவருக்கு எட்டாயிரம் கூடுகிறது, இன்னொருவருக்கு எல்லாமே கழிந்துபோகிறது. இருவரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பார்க்க நியாயமான ஓர் எண் வந்து நிற்கும். எனக்குப் பயமே அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

பிரேசிலிலும் கொலம்பியாவிலும் ஐபேக்கைப் பத்து ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவத்தை பெட்ரோ ஹலாலும் மற்றவர்களும் 2010-ல் எழுதினார்கள். நெடும்படிவத்தில் வேலை, வீட்டு வேலை ஆகிய இரண்டு பகுதிகளிலும் மக்கள் அளவுக்கு மீறிச் சொல்கிறார்கள், கேள்விகளும் குழப்புகின்றன. ஓய்வு நேரம், போக்குவரத்து ஆகிய பகுதிகளை வைத்துக்கொள்வதே மேல் என்பது அவர்கள் கண்ட முடிவு. அவர்களுடைய ஊருக்கு அது பொருந்தலாம். உன் கைடும் அதையே சொல்லக்கூடும், கேள்வி குறையும், வேலை சுலபம். இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடந்த ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் நீரிழிவு ஆய்வின் முதல் கட்டத்தில் உடல் உழைப்பு பற்றிய முடிவு 2014-ல் வந்தது. 14,227 பேர், ஜிபேக் வைத்துக் கேட்டது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சியோ விளையாட்டோ என்று சொன்னவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. நம்மவர்களின் அசைவெல்லாம் வேலையிலும் வீட்டிலும்தான். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் வயல் வேலைக்குப் போகிற பெண்ணிடம் கேட்க என்ன மிஞ்சும்? கடினமான பகுதி என்பதால் அதை வெட்டுவது, இருட்டாக இருக்கிறது என்று அந்த அறையைப் பூட்டிவிட்டு வீட்டை அளப்பது மாதிரி.

சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்காரர்கள் வேறு வழியில் போனார்கள். இந்தியர்களின் அன்றாடத்தை வைத்துப் புதிதாகவே ஒரு கேள்வித்தாளை உருவாக்கி, பல மாநிலங்களில் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். எம்பேக் என்று பெயர். அதைக் கட்டாயம் வாங்கிப் பார். உலகத்தோடு ஒப்பிட ஐபேக் வேண்டும், நம் ஆட்களை நமக்கே புரிய இப்படி ஒன்று வேண்டும். இரண்டில் உன் ஆய்வுக்கு எது தேவை என்று நீயே முடிவு செய்ய வேண்டும். ஐபேக்கையே எடுப்பதானால் எதற்காக என்று ஒரு பத்தியாவது எழுது. 2024-ல் லான்செட் இதழ்க் குடும்பத்தில் வந்த கணக்கு, இந்தியாவில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை என்றது. ஆண்களைவிடப் பெண்கள் மோசம் என்றது. அந்தக் கணக்குக்கு அடியில் இருப்பதும் இந்த மாதிரிக் கேள்வித்தாள்கள்தான். பெண்களைக் குறை சொல்கிற ஒரு வாக்கியம் செய்தித்தாளில் வருமுன், அந்தத் தாள் பெண்களின் உழைப்பைப் பார்க்கிறதா என்று யாராவது பார்த்திருக்க வேண்டும். நீ பாரேன்.

சரி, கருவிக்கு வருகிறேன். ஆக்சிலரோமீட்டர் வந்துவிட்டால் உண்மை வந்துவிட்டது என்று நினைக்காதே. மிதமான உழைப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு பலரும் எடுக்கும், நிமிடத்துக்கு 1,952 கவுண்ட் என்ற எல்லை, 1998-ல் ஃப்ரீட்சனும் மற்றவர்களும் 50 இளம் அமெரிக்கர்களை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டுக் கண்டது. நாற்று நடுகிற பெண்ணை நினைத்துப் பார். இடுப்பை வளைத்து, சேற்றில் பின்னோக்கி அங்குல அங்குலமாக நகர்கிறாள். கை ஓயாமல் போகிறது, முதுகு நெருப்பாக எரிகிறது. இடுப்பில் கட்டிய கருவிக்கோ அவள் நிற்கிறவள் மாதிரிதான் தெரியும். சைக்கிளில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்டு மிதிக்கிறவரையும் அது சரியாகப் பிடிக்காது, இடுப்பு அசைவதில்லையே. சித்தாள் தலையில் சுமக்கும் செங்கல்லின் எடையும் அதற்குத் தெரியாது. ஆகவே ஒட்டுறவு குறைந்தால் குற்றம் எப்போதும் கேள்வித்தாளுடையதாக இருக்காது. கருவி கட்டியவர்களில் சிலரோடாவது ஒரு முழு நாள் கூடவே போ. என்ன நேரம் என்ன வேலை என்று எழுதிக்கொள். கருவி ஒன்று சொல்லி, தாள் ஒன்று சொல்லி, நீ கண்ணால் கண்டது ஒன்று இருந்தால்தான் நடுவில் நின்று பேச முடியும்.

இதைச் சொன்னதும் கருவியை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதே. அமெரிக்காவில் தேசிய அளவிலான கணக்கெடுப்பில் கருவி கட்டிப் பார்த்த ட்ரோயானோவின் 2008 கட்டுரையில், வயதுவந்தவர்களில் பரிந்துரைத்த அளவை எட்டியவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. வாயால் கேட்டபோது ஏறக்குறைய பாதிப்பேர் எட்டுவதாகச் சொன்ன நாடு அது. கூட்டிச் சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. அதிலும் உன்னைப் போல வெள்ளைக் கோட் போட்ட ஒருத்தி ஓ.பி-யில் வைத்துக் கேட்டால், "டெய்லி வாக்கிங் போறேம்மா" என்பதுதான் பதிலாக வரும். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், நடக்கவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? கேட்பதை ஆஸ்பத்திரிக்கு வெளியே வைத்துக்கொள். கோட்டைக் கழற்றிவிட்டுப் போ.

மறுசோதனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. உன் படிவம் "கடந்த 7 நாட்கள்" என்று கேட்கிறது. ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டால் அது வேறு ஒரு வாரம். போன வாரம் நூறு நாள் வேலை இருந்திருக்கும், இந்த வாரம் இருக்காது. பதில் மாறினால் அந்தப் பெண் சரியாகச் சொல்லியிருக்கிறாள் என்று அர்த்தம், ஆனால் உன் கணக்கு அதை நம்பகத்தன்மைக் குறைவு என்று எழுதிக்கொள்ளும். மறுநாளே கேட்டால் முந்தின நாள் சொன்னதை ஞாபகத்தில் வைத்துச் சொல்வார்கள். எனவே மறுபடி கேட்கும்போது, இடையில் வேலை மாறியதா, உடம்புக்கு முடியாமல் போனதா, வீட்டில் விசேஷம் வந்ததா என்று ஒரு வரி சேர்த்துக்கொள். கருவியைப் பொறுத்தவரை, அதை முதலில் கட்டி 7 நாள் முடிந்த அன்றைக்குத் தாளைக் கேள். இரண்டும் ஒரே வாரத்தைப் பேச வேண்டும்.

நேரம் கேட்கும் இடத்திலும் கவனம். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்" என்றால் வாய்க்கு வந்த முழு எண்ணைச் சொல்வார்கள். காலை எழுந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே வா. முதல் பஸ் போகுமுன் என்ன செய்தீர்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு என்ன, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தீர்களா? அப்படி அடுக்கினால் அவர்களே, "இல்லம்மா, எட்டு மணி நேரம்னு சொன்னேன், நடுவுல சமையலுக்கு எந்திரிச்சேன்லா" என்று திருத்துவார்கள். இப்படிச் செய்தால் அது மூலத்தின் வடிவம் இல்லையே என்று பரீட்சகர் கேட்கலாம். கேட்கட்டும். தாளில் உள்ளபடி ஒரு குழுவிடமும், நாளை அடுக்கிக் கேட்டு இன்னொரு குழுவிடமும் செய்து, எது கருவிக்கும் உன் கண்ணுக்கும் நெருக்கமாக வருகிறது என்று காட்டு. இதைத் தமிழில் செய்து காட்டினால் அதற்கு மதிப்பு உண்டு.

50 பேர் போதுமா என்று கேட்டாய். போதாது. 50 பேரில் ஒட்டுறவு 0.3 என்று வந்தால், உண்மை ஏறக்குறைய 0.02-லிருந்து 0.53 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஒன்றுமில்லை என்பதற்கும் பரவாயில்லை என்பதற்கும் இடையேயான முழு வீச்சும் அதில் அடங்கிவிடுகிறது. 150 பேர் என்றால் 0.15-லிருந்து 0.44. அப்போதும் அகலம்தான், ஆனால் பேச இடம் இருக்கும். அந்த 150-ல் வயல்வேலை, பீடி, கட்டட வேலை, வீட்டு வேலை, மேசை வேலை என்று எல்லாரும் இருக்கட்டும். கல்லூரி மாணவிகளை மட்டும் கூட்டி வைத்து, "தமிழ் பேசுவோருக்கான ஐபேக்" என்று தலைப்பு வைத்துவிடாதே.

ஒட்டுறவை மட்டும் நம்பி உட்காராதே என்பதையும் சேர்த்துக்கொள். எல்லாரும் உண்மையைப்போல இரண்டு மடங்கு சொன்னாலும் ஒட்டுறவு 1 என்றுதான் வரும். எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரிய பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-ல் சொன்ன வரைபடத்தைப் போடு. யாருக்குக் கூடுகிறது, யாருக்குக் குறைகிறது என்று தொழில்வாரியாக வண்ணம் மாற்றிப் போடு. பீடி சுற்றுகிற அம்மா ஒரு ஓரத்திலும் உங்கம்மா இன்னொரு ஓரத்திலும் தெரிவார்கள். அந்த ஒரு படத்துக்காகவே உன் தீசிஸை ஆட்கள் எடுத்துப் பார்ப்பார்கள்.

உன் கைடோடு சண்டைக்குப் போகாதே. முதலில் பத்துப் பதினைந்து பேரிடம் வாய்விட்டு யோசிக்கச் சொல்லிக் கேட்டு, அந்தப் பேச்சை அப்படியே எழுதிக்கொண்டு போய் அவர் மேசையில் வை. படித்தால் அவருக்கே தெரிந்துவிடும். எதிக்ஸ் கமிட்டிக்கு இப்போதே திருத்தம் எழுதிக் கொடுத்துவிடு, அவர்கள் கூடுவதற்கு நாளாகும்.

கருவி கட்டுகிற பெல்ட்டுக்கு ஒரு யோசனை. எலாஸ்டிக் பட்டை வியர்வையில் அரிக்கிறது என்று மத்தியானமே கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். பருத்தித் துணியில் சின்னப் பை தைத்து, பாவாடை நாடாவில் கோத்துக்கொள்ளும்படி கொடு. ஆண்களுக்கு அரைஞாண் கயிறு இருக்கவே இருக்கிறது. குளிக்கும்போது கழற்றினால் மறுபடி கட்ட ஞாபகமாக, சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல். என்னிடம் தையல் மெஷின் இருக்கிறது, அளவு அனுப்பினால் நானே தைத்துத் தருகிறேன்.

பொங்கல் வாரத்தையும் நடவு முடிந்து சும்மா இருக்கும் வாரத்தையும் தவிர்த்து நாள் குறி. முக்கூடல் பக்கம் எனக்குத் தெரிந்த கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இருக்கிறார். அவர் கூட வந்தால் எந்த வீட்டிலும் உட்கார இடம் கிடைக்கும். தேதி முடிவானதும் எழுது, அவரிடம் பேசி வைக்கிறேன். நீ இங்கேயே தங்கிக்கொள்ளலாம், காலை ஆறே முக்கால் பஸ்ஸில் போனால் அவர்கள் வேலைக்குக் கிளம்புமுன் பிடித்துவிடலாம்.

அன்புடன்,
உன் சித்தி